முப்பத்தொன்றைப் பார்க்க வந்தவர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நம்பரக்கா. துணி அறை அவள் பொறுப்பு. நாலு மாடியில் விரிக்கிற ஒவ்வொரு படுக்கை விரிப்பும் அவள் கை வழியாகப் போய் அவள் கைக்கே திரும்பி வரும். விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு எண் தைத்திருக்கும்.

"அக்கா, மூணாவது மாடியில ஒண்ணு குறையுது" என்று யாராவது வந்து நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "இருநூத்திப் பதினாலுதானே? எக்ஸ்ரே ரூம் ஸ்ட்ரெச்சர்ல சுருண்டு கிடக்கும், போய்ப் பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் சொல்லி வைத்தது போலக் கிடக்கும்.

கிழிந்து நைந்துபோன விரிப்பைக் கழித்துக் கட்டினால் அதன் எண் சும்மா கிடக்காது. அடுத்து வருகிற புது விரிப்புக்கு அதே எண்ணைத் தைத்துவிடுவார்கள். எண் வரிசை கலையக் கூடாது, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக இந்த வேலையை நம்பரக்கா தன் கையாலேயே செய்துவந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, துணிதானே.

வீட்டில் மூன்று பேர். அவள், பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிற அவள் கணவர், அப்புறம் அவளுடைய அம்மா. மகன் வெளியூரில் வேலை. அப்பா வழியில் சொந்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அத்தைகள் மூன்று பேரும் போன் செய்தால் காது சூடாகும் வரை விட மாட்டார்கள். அம்மா வழியில் மட்டும் ஒரு ஈ காக்கை கிடையாது. மாமா இல்லை, சித்தி இல்லை, சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற தூரத்து உறவுகூட இல்லை. கல்யாண போட்டோவில் பெண் வீட்டுப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று போட்டோக்காரரே பாவப்பட்டு, சமையல்காரர்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் "இது உங்க மாமாவா?" என்று கேட்டால் நம்பரக்கா "ஆமா" என்று சொல்லிவிடுவாள்.

அம்மா ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள். இரண்டு வயதில் உள்ளே போனவள் பதினெட்டு வயதில் வெளியே வந்தாள். யார் கொண்டுபோய் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அவளுக்கும் தெரியாது. போன அன்றே இல்லத்தில் புதுப் பெயர் வைத்துவிடுவார்களாம். அந்தப் பெயரையும் யாரும் கூப்பிட மாட்டார்கள், எண்தான். பாவாடையில் எண், தட்டில் எண், பாயில் எண். அம்மாவுக்குப் பன்னிரண்டு. இன்றைக்கும் எங்காவது "பன்னிரண்டு" என்று காதில் விழுந்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள்.

அம்மா யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகள் தாமதமாக வந்தால் மற்ற அம்மாக்கள் தெருமுனையில் நிற்பார்கள், இவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். "எப்ப வருவே?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "வந்தா வரட்டும்" என்பதுதான் அவள் வாயில் எப்போதும் வருகிற வார்த்தை. சின்ன வயதில் நம்பரக்காவுக்கு இது நெஞ்சில் முள்ளாகக் குத்தும், அம்மாவுக்குத் தன் மேல் பாசமே இல்லை என்று அழுதிருக்கிறாள். பின்னால்தான் விஷயம் புரிந்தது. இல்லத்தில் மாதம் ஒரு நாள் பார்வையாளர் நாள். அம்மா ஒன்பது வயது வரைக்கும் அந்த நாளில் தலைவாரிக்கொண்டு போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரும் வரவில்லை. பத்தாவது வயதில் இனி நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாளாம்.

இல்லத்தைப் பற்றி அம்மா சொல்கிற கதைகள் எல்லாம் சிரிப்புக் கதைகள்தான். மேட்ரனின் செருப்புச் சத்தம், சோப்புத் திருடி மாட்டிக்கொண்ட கதை, அப்புறம் குடைக்காரர் கதை. இல்லத்துக்குப் பின்னால் சுவர் ஓரமாகச் செத்துப்போன பிள்ளைகளைப் புதைக்கிற இடம் ஒன்று உண்டு. துணி துவைக்கிற தொட்டியிலிருந்து பார்த்தால் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் அங்கே வருவார். கறுப்புக் குடையை விரித்து, தன் தலைக்குப் பிடிக்காமல், அந்தச் சின்ன மண்மேட்டுக்கு நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயில் அவர் மண்டையைப் பிளக்கும். பெண்பிள்ளைகள் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அம்மா அவரைப் போலவே குந்தி உட்கார்ந்து, துடைப்பத்தைக் குடையாகப் பிடித்து நடித்துக் காட்டுவாள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வாள்: "செத்த பிள்ளையைப் பாக்கக்கூட ஆள் வருது. உசுரோட நிக்கிற எங்களுக்கு ஒருத்தர் இல்ல, பாத்தியா." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

போன வருஷம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். "உங்க குடும்பத்துல யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"எனக்குக் குடும்பமே இருந்ததில்ல டாக்டர்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் வைத்துத் திடீரென்று மகளின் கையைப் பிடித்தாள். "நீ நாலு எழுத்து படிச்சவ. அந்த இல்லத்துப் புத்தகம் எல்லாம் எங்கேயாவது இருக்கும். எனக்குச் சொந்தம் பந்தம் எதுவும் வேண்டாம். யாராவது ஒரு தடவையாவது என்னைத் தேடி வந்தாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லு. நான் போறதுக்குள்ள தெரிஞ்சா போதும்." எழுபத்தாறு வயதில் அம்மா அவளிடம் கேட்ட முதல் காரியம் அதுதான்.

இல்லத்தை மூடி முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதன் புத்தகங்கள் நகராட்சியின் பழைய ஆவண அறைக்குப் போய்விட்டன என்று விசாரித்ததில் தெரிந்தது. அந்த அறை புதன்கிழமை மட்டும், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. நம்பரக்கா தன் வார விடுமுறையைப் புதனுக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே இருந்த குமாஸ்தாவுக்குத் தூசி ஆகாது. தூசியைத் தவிர வேறு எதுவும் இல்லாத அறையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு தும்மல்.

"யாரைத் தேடறீங்க?"

"எங்கம்மாவை சார்."

"எப்ப காலமானாங்க?"

"காலமாகல சார். வீட்ல டிவி பாத்துட்டு இருக்காங்க."

அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வர்றவங்க எல்லாரும் பரம்பரையில ஒரு ராஜா இருப்பார்னு நினைச்சுட்டு வருவாங்கம்மா. கடைசியில ஒரு ஆட்டுத் திருடன் கிடைச்சாலே போதும், ஆளுக்குக் கால் தரையில நிக்காது. நீங்களும் பாருங்க" என்று ஒரு மேசையைக் காட்டினார்.

முதல் மூன்று புதன்களும் வீண். எந்தப் புண்ணியவானோ வருஷக் கணக்குப் பார்க்காமல் கையில் கிடைத்த தாள்களை எல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். நாலாவது புதன், பெரிய பிள்ளைகள் பக்கத்துப் பதிவேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. "12. பெண். வயது ஐந்து. சின்னப் பக்கம் 31-லிருந்து மாற்றம்." அப்போதுதான் தெரிந்தது, அம்மா பன்னிரண்டு ஆவதற்கு முன்னால் முப்பத்தொன்றாக இருந்திருக்கிறாள். ஐந்து வயதானால் சின்னப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பெரிய பிள்ளைகள் பக்கத்துக்கு மாற்றிப் புது எண் கொடுப்பது இல்லத்தின் வழக்கம். அம்மாவுக்கே அந்தப் பழைய எண் நினைவில் இல்லை.

அடுத்த புதன் வருவதற்குள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கு அறை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள். சின்னப் பக்கத்துப் பதிவேட்டில் மூன்று வருஷம் பின்னால் போனால், இருந்தது.

"31. பெண். வயது இரண்டு. தாய் இறப்பு. கொண்டுவந்தவர் தந்தை. தொழில் பாலம் கட்டும் வேலை. வேலை முடிந்ததும் வந்து அழைத்துப்போவதாகச் சொல்கிறார். எண் சீட்டு கொடுக்கப்பட்டது."

கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. மையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடியது, எப்போதோ பட்ட வெட்டுக் காயத்தின் தழும்பு. நம்பரக்காவுக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது, கத்தியும்விட்டாள். "சார்! எங்க தாத்தா சார்!" ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தாத்தா பிறந்திருந்தார். தன் கட்டைவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் சொல்லியும்விட்டாள். அந்த அம்மாள் பயந்துபோய் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கொட்டித் தீர்த்தாள். "உன்னை உங்கப்பாதான்மா கொண்டு வந்து விட்டிருக்கார். திரும்ப வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்!"

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க. வந்தாரா?" என்றாள்.

ஆறாவது புதன், வாசல் புத்தகம். இல்லத்தின் பொருள் எதுவும் வெளியே போய்விடக் கூடாது என்று, வருகிறவர் கையில் என்ன இருக்கிறது, போகும்போது என்ன இருக்கிறது என்று காவலாளி எழுதி வைக்கிற புத்தகம் அது. அம்மாவுக்கு ஐந்தரை வயதான சமயம். "31-இன் தந்தை. சீட்டுடன். விவரம் தெரிவிக்கப்பட்டது. இடம் காட்டப்பட்டது. உள்ளே: குடை ஒன்று. வெளியே: குடை ஒன்று." கீழே கைநாட்டு. குறுக்கே அதே வெள்ளைக் கோடு.

வந்திருக்கிறார். சீட்டை எடுத்துக்கொண்டு, சொன்ன மாதிரியே வந்திருக்கிறார். ஆனால் நம்பரக்காவுக்கு இந்தத் தடவை கத்தத் தோன்றவில்லை. வந்தவர் பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? என்ன விவரம் தெரிவித்தார்கள்? எந்த இடத்தைக் காட்டினார்கள்? அம்மா அப்போது பத்தடி தூரத்தில் பெரிய பக்கத்தில் இருந்தாள். ஒருவேளை வந்து, பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டாரோ? வாசல் புத்தகத்தில் மேற்கொண்டு புரட்ட அவளுக்குக் கை வரவில்லை. மூடிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்று அம்மாவிடம், "இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கல" என்று பொய் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துணி அறையில் ஒரு விரிப்பைக் கழித்தாள். நடுவில் கிழிந்துபோன எண்பத்தெட்டு. சிவப்பு நூலைப் பிரித்துப் போட்டுவிட்டு, புது விரிப்பு ஒன்றை மடியில் போட்டு, அதன் மூலையில் எண்பத்தெட்டு என்று தைக்க ஆரம்பித்தாள். முதல் எட்டைத் தைத்து முடித்தாள். இரண்டாவது எட்டில் ஊசி நின்றது. ஊசியை அப்படியே குத்தி வைத்துவிட்டு வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சின்னப் பக்கத்துப் பதிவேட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். அம்மா பன்னிரண்டாக மாறிப்போன மாதத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது இருந்தது. "31. பெண். வயது மூன்று இருக்கலாம். சந்தையில் கண்டெடுக்கப்பட்டது." காலியான எண்ணை அடுத்து வந்த குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதே வரிக்கு மேல் சிவப்பு மையில், "காய்ச்சலில் இறப்பு. பின்புறம் அடக்கம்." தாத்தா வந்ததற்கு இருபது நாள் முந்தைய தேதி.

அவர் சீட்டை நீட்டியிருக்கிறார். இல்லத்துக் குமாஸ்தா புத்தகத்தில் முப்பத்தொன்றைத் தேடியிருக்கிறான். இறப்பு என்று போட்டிருந்தது. சொல்லிவிட்டான். ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் பின்னால் புரட்டியிருந்தால் போதும். சோம்பேறிப் பயல், நாசமாய்ப் போனவன் என்று நம்பரக்கா வாய்க்குள்ளேயே திட்டினாள். திட்டும்போதே, தான் இருபத்தாறு வருஷமாகப் பிரித்துத் தைத்த எண்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

வாசல் புத்தகத்தையும் வாங்கி, போன வாரம் விட்ட இடத்திலிருந்து பார்த்தாள். அடுத்த வருஷம், சிவப்பு மையில் இருந்த அதே இறப்புத் தேதியில்: "31-இன் தந்தை. கல்லறை பார்க்க. குடை ஒன்று." அதற்கடுத்த வருஷமும் அதே தேதி, "கல்லறை பார்க்க. குடை ஒன்று." மூன்றாவது தடவை "குடை ஒன்று" என்று படித்ததும் கண் முன்னால் அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தாள். நம்பரக்கா புத்தகத்தின் மேல் கவிழ்ந்துவிட்டாள்.

மொத்தம் பதினோரு தடவை. அம்மாவுக்குப் பதினைந்து வயது வரை. அதற்குப் பிறகு அந்தக் கைநாட்டு இல்லை. என்ன ஆனார் என்று சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. சந்தையில் கிடைத்த அந்தக் குழந்தையைத் தேடி வேறு யாராவது வந்தார்களா என்றும் பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை. அதற்கு இருந்தது குடைக்காரர் மட்டும்தான்.

தும்மல் குமாஸ்தா எதுவும் கேட்காமல் பதினோரு பக்கங்களுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார். "சில பேருக்கு, கிடைக்காமலே இருந்திருக்கலாமேன்னு தோணும்மா" என்றார். அவருக்கு அந்த நேரத்தில் தும்மலே வரவில்லை.

"சொல்லாதே" என்றார் அவள் கணவர். கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தபடியே இருந்தார், துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். வழக்கமாக அவர் கேலிக்காரர். செத்துப்போனவர்களைப் பார்க்க லீவு போடுகிற ஒரே ஆள் நீதான் என்று ஏழு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். "ஆறின புண்ணைக் கீறாதே. வந்தாங்கன்னு மட்டும் சொல்லிடு. மத்தது எதுக்கு? அந்த இதயம் தாங்குமா?"

அவர் சொன்னது நியாயம்தான். நம்பரக்காவும் அப்படியே செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனாள். சாயங்கால வெளிச்சம் கட்டிலில் விழுந்திருந்தது. அம்மா மூன்று தலையணைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்தார்மா" என்றாள்.

அம்மாவின் கை போர்வையைப் பற்றியது. "எத்தனை தடவை?"

"பதினோரு தடவை."

"பொய் சொல்லாதே. ஒரு தடவை வந்திருந்தாலே என்னைக் கூப்பிட்டிருப்பாங்க. நான் அந்தக் கதவுலயேதானே நின்னேன்."

தன்னைப் பொய்க்காரி என்று அம்மா நினைத்துக்கொண்டு போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். "அஞ்சு வயசுல உன்னைப் பன்னிரண்டுன்னு மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி நீ முப்பத்தொண்ணு. உன் பழைய நம்பரை வேற ஒரு குழந்தைக்குக் குடுத்தாங்க, அது செத்துப்போச்சு. அவர் வந்து முப்பத்தொண்ணுன்னு சீட்டை நீட்டியிருக்கார். செத்துப்போச்சுன்னு சொல்லி, கூட்டிட்டுப் போய்ப் புதைச்ச இடத்தைக் காட்டிட்டாங்க."

அம்மா கண் கொட்டாமல் அவளையே பார்த்தாள். "பின்னாடி, சுவர் ஓரமாவா?"

"ஆமா."

"குடைக்காரரா?"

நம்பரக்கா தலையை ஆட்டினாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அம்மா அழவில்லை. "நாங்க சிரிச்சோமே" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். பிறகு கையை நீட்டினாள். நம்பரக்கா நகல்களைக் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். எழுத்துகளை விட்டுவிட்டு, கைநாட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"குறுக்கே ஒரு கோடு இருக்கு பாரும்மா. வெட்டுக் காயம் போல. எல்லாத்துலயும் இருக்கு."

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"பாத்திருக்கேன்." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்கு அப்ப பதிமூணு வயசு இருக்கும். அந்த ஆள் வெயில்ல உக்காந்திருக்கார், போய்த் தண்ணி குடுத்துட்டு வான்னு மேட்ரன் அனுப்பினாங்க. டம்ளரை வாங்கினப்ப கட்டைவிரலைப் பாத்தேன், வெள்ளையா ஒரு தழும்பு. குடிச்சிட்டே என் மூஞ்சியைப் பாத்தார். 'உன்னைப் பாக்க யாரும்மா வருவாங்க?'ன்னு கேட்டார். யாரும் வர மாட்டாங்கன்னேன். 'அப்படிச் சொல்லாதம்மா, வருவாங்க'ன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. செத்த பிள்ளைக்குக் குடை பிடிக்கிறவர் எனக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னு, டம்ளரை வெடுக்குன்னு பிடுங்கிட்டு ஓடி வந்துட்டேன்."

நம்பரக்கா கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஓரம் சரிபார்த்து அடுக்கினாள். ரொம்ப நேரம் அடுக்கினாள்.

"எங்கப்பாவுக்கு நல்ல தாகமா இருந்திருக்கும்டி" என்றாள். "பாதிதான் குடிச்சிருந்தார்."